மூன்று வளையம்

அந்தத் தெருவில் அவரைப் பல்லுக்காரர் என்றுதான் சொல்வார்கள். வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து, டாக்டர் எடுத்தனுப்பும் அச்சுகளுக்குப் பொய்ப்பல் செய்து கொடுத்தவர். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரித்தார்கள். ஓய்வு பெறுவதற்குப் பல வருஷம் முன்பே, வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்தக் கட்டிய கொட்டகையில் ஒரு பட்டை ரம்பத்தை வாங்கி நிறுத்தினார். கார் என்று ஒன்று அந்த வீட்டுக்கு வந்ததே இல்லை.

ஆள் உயர மெஷின் அது. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். இரண்டையும் சுற்றிக்கொண்டு, தொடக்கமும் முடிவும் இல்லாத நாடா போல, ஒரு ஓரத்தில் பல் வெட்டிய மெல்லிய எஃகுப் பட்டை ஓடும். மரக்கட்டையை அதன் எதிரே வைத்து எப்படித் திருப்பினாலும் அப்படி அறுத்துக் கொடுக்கும்.

"ஊருக்கெல்லாம் பல்லைக் கட்டினார். இப்ப பல்லு வச்ச பட்டையைக் கட்டிக்கிட்டு அழறார்" என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவள் தையல்காரி. முன்னறையில் அவளுடைய மெஷின், பின்கொட்டகையில் அவருடைய மெஷின். புதுத்துணி தைப்பதை அவள் விட்டுப் பல காலம் ஆகிவிட்டது. இறுகினதைத் தளர்த்துவது, தளர்ந்ததைப் பிடிப்பது, நீண்டதைக் குறைப்பது, இவ்வளவுதான். அவர் ஒரே மரத்துண்டுக்குள்ளிருந்து ஒரு பெட்டியையும் அதன் இழுப்பறைகளையும் வளைத்து வளைத்து அறுத்தெடுப்பார். அறுத்ததைத் திரும்பப் பொருத்தினால், மரம் ஒன்றுமே நடக்காதது போல் முழுசாக நிற்கும். அந்தத் தெருவில் அவர் செய்த பெட்டி இல்லாத வீடு கிடையாது. வாங்கிக்கொள்ள மறுத்த வீடும் ஒன்றிரண்டு உண்டு. அவர்களுக்கு இரண்டு பெட்டி கொடுத்தார்.

ஆனால் வந்தவர்கள் வாய்பிளந்து பார்த்தது பெட்டிகளை அல்ல. அவர் பட்டையை மடிக்கிறதைத்தான். மெஷினிலிருந்து கழற்றிய பட்டை, ஒரு ஆளே நுழைந்து போகலாம் போன்ற பெரிய வளையம். அதை அப்படியே வைக்க இடம் ஏது? அவர் தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு, வளையத்தின் அடியைச் செருப்புக் காலால் மிதித்து, பல் வெளிப்பக்கம் பார்க்க இரு கையாலும் பக்கங்களைப் பிடிப்பார். மேல்பாகத்தைத் தரைக்குச் சாய்த்தபடியே மணிக்கட்டை உள்ளே ஒரு திருப்புத் திருப்புவார். அவ்வளவுதான். பெரிய வளையம் நெளிந்து, தன்மேலேயே விழுந்து, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சின்ன வளையங்களாகிக் காலடியில் படுத்துக்கொள்ளும். நூலால் இரண்டு இடத்தில் கட்டி ஆணியில் மாட்டிவிடுவார். சீறிக்கொண்டிருந்த பாம்பு சொன்ன பேச்சுக் கேட்டுச் சுருண்டது போல இருக்கும். மகள் சின்னவளாக இருந்தபோது, "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று பிரிக்கச் சொல்லி மடிக்கச் சொல்லி அவரைச் சாப்பிட விடமாட்டாள். தன்னைப் பற்றி எதற்குமே பெருமைப்பட்டுக்கொள்ளாத மனிதர், இந்த ஒன்றுக்கு மட்டும் உதட்டோரம் லேசாகச் சிரிப்பார்.

ஒரு மத்தியானம் சாப்பிடக் கூப்பிடப் போன மனைவி கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆணிகளில் கையடக்கமாகத் தொங்கும் கட்டுகளைக் காணோம். எல்லாப் பட்டைகளும் விரிந்தபடியே, சுவரின் உச்சியிலிருந்து தரை வரைக்கும் தொங்கின.

"என்னங்க இது, யானைக்கு வளையல் வாங்கி மாட்டின மாதிரி?"

"மடிச்சு வச்சா முறுக்கு ஏறிடுது. இப்படித் தொங்கினாத்தான் பட்டை நேரா ஓடும்."

"இத்தனை வருஷமா ஏறாத முறுக்கு இப்பத்தான் ஏறுதாக்கும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் ஏற்கெனவே அணைந்திருந்த மெஷினின் சுவிட்சை இன்னொரு முறை அணைத்துவிட்டு, "வா, சோறு ஆறிடும்" என்று முன்னால் நடந்தார். அவளும் அதை அப்போதே மறந்துபோனாள். பிற்பாடு அந்த ஒரு வாக்கியத்தை எத்தனையோ முறை நாக்கிலிருந்து பிடுங்கி எறிய முயன்றிருக்கிறாள். சொன்ன சொல் எறிந்த கல் மாதிரி, போனது போனதுதான்.

கொஞ்ச நாள் கழித்து, இரண்டு பட்டைகள் மழுங்கிவிட்டன என்றார். சாணைக்கடைக்கு எப்போதும் அவரே போய்வருவார். இந்த முறை, "முழங்கால் ஒரு மாதிரி இருக்கு, நீ போய்ட்டு வந்துடேன்" என்றார். அவளும் விரிந்த பட்டைகள் இரண்டையும் பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அந்தப் பயணத்தை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள். அவ்வளவு பெரிய வட்டத்தை எப்படிப் பிடித்தாலும் யார் மேலாவது இடித்தது. கண்டக்டர் படியிலிருந்தே, "ஏம்மா, சர்க்கஸ்ல சிங்கம் தாண்டுற வளையமா? சிங்கம் பின்னால வருதா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். "சிங்கம் வீட்டுல முழங்கால் வலின்னு படுத்திருக்குதுப்பா" என்றாள்.

சாணைக்கடையை நடத்தியவள் ஒரு அக்கா. அரைக்கிற சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. போர்வையைப் பிரித்ததும், பட்டையைப் பார்க்காமல் இவள் முகத்தைப் பார்த்தாள்.

"மடிக்காமலா கொண்டு வந்தீங்க?"

"மடிச்சா முறுக்கு ஏறுதாம். சொல்றார்."

அக்கா சாணையை நிறுத்தினாள். சத்தம் அடங்கச் சற்று நேரமாயிற்று. பிறகு, அவளுக்குப் பழக்கமில்லாத தணிந்த குரலில் சொன்னாள்: "போன தடவை வந்தப்பவே பார்த்தேம்மா. இங்கேதான் நின்னு மடிச்சார். திரும்பத் திரும்ப நழுவிச்சு. கையுறை சரியில்லன்னார். கையுறையைக் கழட்டினப்புறம் பார்த்தேன், வலது கைக் கட்டைவிரல் சும்மா இருக்கறப்பவும் எதையோ உருட்டிக்கிட்டே இருக்கு. மாத்திரை உருட்டற மாதிரி. எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

அவளுக்குக் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. கொஞ்ச நாளாக அவர் டீயை அரை டம்ளர்தான் கேட்டார். சட்டையை விட்டுவிட்டு, தலைவழியாகப் போடும் பனியனோடேயே இருந்தார். கடைக்குப் போகையில் பக்கத்தில் நடப்பவரின் வலது கை வீசாமல் தொங்கிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் அவள் கண் பார்த்துத்தான் இருந்தது. பக்கத்துத் தலையணையில் படுக்கிறவளுக்குத் தெரியாதது, எப்போதோ ஒருமுறை பார்க்கும் இன்னொருத்திக்குத் தெரிந்திருக்கிறது. துக்கத்துக்கு முன்னால் வெட்கம்தான் வந்தது.

"அக்கா, இதை எப்படி மடிக்கிறதுன்னு எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

முதல் முறை பட்டை கையிலிருந்து துள்ளித் தோளில் அறைந்தது. அடுத்த முறை நெளிந்து எட்டு மாதிரி நின்றது. "மல்லுக்கட்டாதேம்மா" என்றாள் அக்கா. "மாவு பிசையறியா? பலம் வேண்டாம். மணிக்கட்டை மட்டும் திருப்பு. மிச்சத்தை அதுவே பார்த்துக்கும்." துணியின் போக்கு எந்தப் பக்கம் என்று விரலாலேயே அறிந்தவளுக்கு எஃகின் போக்கு பிடிபட அதிக நேரமாகவில்லை. மூன்று வளையமும் காலடியில் விழுந்தபோது அவளுக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. அடுத்த கணமே, எதற்குச் சந்தோஷப்படுகிறோம் என்று உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து கட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தாள். அவர் பார்த்தார்.

"யார் மடிச்சது?"

"கடையிலதான். அந்த அக்கா."

"ம்" என்றார்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஆரம்பித்தார்கள். அவர் கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொள்வார். அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டு பேசுவாள். அவர் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பொத்தானை மேலே அழகுக்கு வைத்துத் தைத்துவிட்டு, அடியில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பொத்தான் வைத்தாள். அவர் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் கொஞ்சநேரம் நின்றார். "சட்டை நல்லா இருக்கு" என்றார். "பழைய சட்டைதானே" என்றாள் அவள். டாக்டரிடம் போகலாம் என்று சொல்ல அவள் பல நாள் வாயெடுத்தாள். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்கிற மாதிரி ஒரு பயம். அவர் மத்தியானம் கண்ணயரும்போது கொட்டகைக்குப் போய், பழைய பட்டை ஒன்றைப் பிரித்து மடித்து, பிரித்து மடித்துப் பழகினாள். என்றைக்காவது ஒருநாள், "இதைக் கொஞ்சம் பிடி" என்று கேட்பார், அன்றைக்குத் தயாராக இருக்க வேண்டும் என்று நினைத்தாள். அவர் கேட்கவேயில்லை.

அடுத்த வருஷம் மகள் கல்யாணமாகி, புதுமாப்பிள்ளையோடு வந்திருந்தாள். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நல்ல பையன், கேள்வி கேட்டே உயிரை எடுக்கிற ரகம். மகள் வழியெல்லாம் அப்பாவின் வித்தையைப் பற்றி அளந்துகொண்டு வந்திருக்கிறாள்.

"மாமா, ஒரு வளையத்தை முறுக்கினா ரெண்டுதானே ஆகணும்? எப்படி மூணு ஆகுது? வர்ற வழியில ரப்பர் பேண்டை வச்சு முயற்சி பண்ணிப் பார்த்தேன். எனக்கு மூணு வரவே இல்ல. ஒருதடவை செஞ்சு காட்டுங்களேன்."

"அதெல்லாம் இப்ப எதுக்கு மாப்பிள்ளை, சாப்பிட்டுட்டு அப்புறம்..."

"அப்பா, எனக்காக!" என்றாள் மகள், சின்னப் பிள்ளையில் கேட்ட அதே குரலில்.

தையல்காரி அடுப்படியிலிருந்து, "கையைக் கழுவுங்க எல்லாரும், இலை போட்டாச்சு, நேரமாகுது" என்று கூவிப் பார்த்தாள். எடுபடவில்லை. மூன்று பேரும் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். அவள் ஈரக்கையோடு பின்னாலேயே ஓடினாள்.

அவர் ஆணியிலிருந்து ஒரு பட்டையை எடுத்தார். கையுறை மாட்டிக்கொள்ளவே நேரமானது. மாப்பிள்ளை ஆர்வத்தில் எதையும் கவனிக்கவில்லை. மகள் கவனித்துவிட்டாள், அவள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது, ஆனால் உள்ளிருந்து வெளிச்சம் போய்விட்டது. அவர் அடியைக் காலால் மிதித்தார். பக்கங்களைப் பிடித்தார். பட்டை முழுவதும் அதிர்ந்தது; அவர் கையின் நடுக்கம் பெரிதாகிப் பெரிதாகி வளையம் பூராவும் ஓடுவதை எல்லோரும் பார்த்தார்கள். சாய்த்துத் திருப்பினார். பாதித் திருப்பில் வலது கை விட்டுவிட்டது. பட்டை சீறிக்கொண்டு விரிந்து, அவர் கன்னத்தைக் கீறிவிட்டுத் தரையில் போய் விழுந்து ஆடிற்று. கண்ணுக்குக் கீழே நூல் போட்டது போல ரத்தம்.

தரையில் கிடந்த பட்டை இன்னும் உதறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை நிறுத்திவிட வேண்டும், அந்தப் பட்டை யார் கண்ணிலும் படாமல் போய்விட வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் மனசில் இருந்தது. போய் எடுத்தாள், மிதித்தாள், மணிக்கட்டைத் திருப்பினாள். ஒரே வீச்சு. மூன்று வளையமும் ஒழுங்காக ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.

மாப்பிள்ளை தன்னை மறந்து கைதட்டினான். மகள் அவன் கையைப் பிடித்து அழுத்தியதும் பாதித் தட்டலில் நிறுத்தினான்.

அவர் பட்டையைப் பார்க்கவில்லை. அவளுடைய மணிக்கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பக் கத்துக்கிட்டே?"

"சாணைக்கடையில."

"எங்கேன்னு கேக்கல. எப்ப?"

"போன வருஷம்."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். "நல்லா வருது" என்று சொல்லிவிட்டு, கன்னத்தைக் கழுவப் போனார்.

அன்று சாப்பிடும்போது மாப்பிள்ளையிடம் சிரித்துப் பேசினார். ரப்பர் பேண்டில் ஏன் மூன்று வரவில்லை என்பதற்குக் காரணம்கூடச் சொன்னார். ஆனால் அந்தக் கொட்டகைக்கு மறுபடி அவர் போகவில்லை. பூட்டவில்லை, கோபித்துக்கொள்ளவில்லை, எதையும் விட்டெறியவில்லை. போகவில்லை, அவ்வளவுதான்.

மகள் விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் ஒரு வரி எழுதச் சொன்னார். எழுத்து போகப் போக எறும்பாகச் சிறுத்தது. நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார். நடுக்கவாதம் என்றார். மாத்திரையால் தள்ளிப்போடலாம், திருப்ப முடியாது. வெளியே வந்ததும் பல்லுக்காரர், "சரி, பேரு தெரிஞ்சுபோச்சு. இனிமே திட்டறதுக்காவது வசதி" என்றார். மகள் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள்.

அவர் இப்போது பகலெல்லாம் முன்னறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துணி கொடுக்க வந்தவர்கள் முதலில் நலம் விசாரித்தார்கள். பிறகு அவரைத் தாண்டி அவளிடம் பேசப் பழகிக்கொண்டார்கள். அவள் அவர் கையில் ஒரு காந்தத்தைக் கொடுத்திருந்தாள், தரையில் சிதறும் குண்டூசிகளைப் பொறுக்க. அதை அவர் சிரத்தையாகச் செய்தார். கை நடுங்கினாலும் ஊசி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும், "பார்த்தியா, இன்னிக்கு நல்ல பிடிப்பு" என்று டப்பாவைத் தூக்கிக் காட்டுவார், மீன் பிடித்துவந்தவர் மாதிரி. அவளுக்கு ஒரு கணம் ஊசி கண்ணில் தெரியாது; மெஷினை நிறுத்திவிட்டு நூல் கோப்பது போல் குனிந்துகொள்வாள்.

ராத்திரியில் விழிப்பு வந்தால் அந்த ஒரு நிமிஷம்தான் திரும்பத் திரும்ப வந்தது. பட்டையைத் தரையிலேயே விட்டிருக்கலாம். முதலில் அவர் கன்னத்தைத் துடைத்திருக்கலாம். எதற்கு ஓடிப்போய் அதை மடித்தோம்? அவமானத்தை மூடுவதாக நினைத்து, எல்லோரும் பார்க்க அதைக் கொடியில் அல்லவா காயப் போட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையில் ஈரம் ஏறியது. பட்டைகளுக்கு எண்ணெய் பூசி மடித்து வைக்காவிட்டால் துருப்பிடிக்கும். அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கொட்டகையிலிருந்து சத்தம் போட்டாள்: "என்னங்க! இது மடிய மாட்டேங்குது, கொஞ்சம் வந்து பாருங்களேன்!" வேண்டுமென்றே பட்டையைக் கோணலாகப் பிடித்து, வேண்டுமென்றே நழுவவிட்டாள். அது தகரச் சுவரில் மோதிப் பெருஞ்சத்தம் போட்டது.

அவர் வந்தார். வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே இருந்த கொஞ்சத் தூரத்தை, சுவரைப் பிடித்துப் பிடித்துக் கடந்து வந்தார். வாசலில் நின்று, அவள் இன்னொரு முறை நழுவவிடுவதைப் பார்த்தார்.

"நடிக்காதே" என்றார். "உனக்கு வராது."

அவள் பட்டையைக் கீழே போட்டுவிட்டு நின்றாள்.

"என் மேல கோபமா?"

"கோபமா? எதுக்கு?"

"அன்னிக்கு நான் மடிச்சதுக்கு."

அவர் மெஷினில் சாய்ந்துகொண்டார். பேச்சு இப்போதெல்லாம் அவருக்கு அடியிலிருந்து இறைத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது.

"நீ தட்டுத் தடுமாறி மடிச்சிருந்தா ஒண்ணும் இருந்திருக்காது. ரொம்ப அழகா மடிச்சே. அதான்." மூச்சு விட்டுக்கொண்டார். "அப்புறம் யோசிச்சேன். இது ஒரு நாள்ல வர்ற வேலை இல்ல. இவ எவ்வளவு நாளா, எனக்குத் தெரியாம, நான் தூங்கறப்ப... நான்தான் உன்கிட்ட மறைக்கிறேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது. ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் கண்ணாமூச்சி ஆடியிருக்கோம். கண்டுபிடிக்க மூணாவது ஆளு கிடையாது."

"நான் என்ன செய்வேன்? நீங்க சொல்லவே இல்லையே."

"நீயும் கேக்கலையே."

கூரையில் மழை கொட்டிற்று. அவள்தான் முதலில் அழுதாள். அவர் கிட்டே வந்து அவள் தோளில் கையை வைத்தார். கை அங்கே நடுங்கிக்கொண்டே இருந்தது. வருஷக்கணக்கில் ஒளித்துவைத்த கை. அன்றுதான் அதை அவர் அவளிடமிருந்து எடுக்கவில்லை.

"இனிமே எதுவா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடு" என்றார். "நல்லதோ கெட்டதோ. எனக்கு ஊகிக்கத் தெம்பு இல்ல."

மெஷினைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தவர் அவர்தான். சாணைக்கடை அக்கா மூலமாக ஒரு இளம் தம்பதி வந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து மரப் பொம்மை செய்து விற்கப் போகிறார்களாம். அந்தப் பெண் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து, கோவிச்சுக்காதீங்க என்று சொல்லிச் சொல்லி ஆயிரம் சந்தேகம் கேட்டாள். பல்லுக்காரர் நாற்காலியைக் கொட்டகைக்குள் போடச் சொல்லி உட்கார்ந்து, ஒன்று விடாமல் பதில் சொன்னார். அவர் குரல் கேட்காத இடங்களில் தையல்காரி குனிந்து கேட்டு உரக்கச் சொன்னாள். ஆட்கள் மெஷினைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

"பட்டைகளையும் எடுத்துக்கலாமா ஐயா? வண்டியில இப்படியே வைக்க முடியாதே."

"மடிச்சுத் தருவோம்" என்றார் அவர். 'தருவோம்' என்றதை அவள் கவனித்தாள்.

எழுந்து வந்து, முதல் பட்டையின் அடியைத் தன் காலால் மிதித்துக்கொண்டார். நடுக்கம் இன்னும் கால்வரைக்கும் வந்திருக்கவில்லை. "ம், திருப்பு" என்றார். அவள் திருப்பினாள். விழுந்தது. "அடுத்தது." ஒவ்வொன்றாக, ஆணி காலியாகும் வரை, அவர் மிதிக்க அவள் மடித்தாள். கடைசி ஒன்று இரண்டில் அவருக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தலாமா என்று அவள் பார்வையால் கேட்டாள், வேண்டாம் என்று தலையசைத்தார். நூல் கட்டும்போது அந்த இளம்பெண் உதவிக்கு வந்தாள். "ரெண்டு முடிச்சு போடும்மா" என்றார் பல்லுக்காரர். "ஒரு முடிச்சை நம்பாதே. முகத்துக்குக் கிட்ட வச்சு எப்பவும் பிரிக்காதே." கன்னத்தில் இருந்த வெள்ளைக் கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

அதற்குப் பிறகு நாட்கள் வேகமாகச் சரிந்தன. வீட்டுக்குள் ஏறும் படிகளை அவரால் ஏற முடியாமல் போயிற்று. வாசற்படி வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மூளை நட என்று சொல்லும், கால் கேட்காது. கொட்டகைதான் தரைமட்டமாக, படியில்லாமல் இருந்தது. அதற்கு ஒரு கதவு மாற்றி, வெள்ளையடித்து, கட்டிலைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். மெஷின் நின்ற இடத்தில் அவர் படுத்தார். அவள் தன் தையல் மெஷினையும் அங்கேயே மாற்றிக்கொண்டாள். எவ்வளவு பெருக்கியும், மின்விசிறி ஓடினால் உத்தரத்துச் சந்துகளிலிருந்து மரத்தூள் மெல்லிசாக உதிரும். காலையில் அவர் நெற்றியிலும் புருவத்திலும் படிந்திருக்கும். ஈரத்துணியால் அதைத் துடைப்பதுதான் அவளுடைய முதல் வேலை.

முகம் மெதுவாக அசைவை விட்டது. சந்தோஷமா வலியா என்று பார்த்துச் சொல்ல முடியாது. குரலும் காற்றாகிவிட்டது, வாயருகே காதை வைத்தால்தான் கேட்கும்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் ஏதோ சொல்ல முயன்றார். அவள் துணியைப் போட்டுவிட்டுக் குனிந்தாள்.

"மெஷினு... அந்தப் பிள்ளைங்க... ஓட்டுறாங்களாமா?"

அதற்கு முந்தின வாரம்தான் சாணைக்கடை அக்காவைப் பார்த்திருந்தாள். பொம்மை வியாபாரம் எடுபடவில்லை. அந்தப் பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். ஆமாம், ஜோராக ஓடுது என்று சொல்ல வாய்வரை வந்தது. ஒரு பொய்தான், அதுவும் போகிற உயிருக்கு ஆறுதல். ஆனால் அவர் கண்கள், முகத்தில் மிச்சமிருந்த உயிர் முழுக்க அங்கேதான் இருந்தது, அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இல்லைங்க" என்றாள். "ஓட்டலையாம். மேல் சக்கரத்துல கயிறு கட்டி, துணி காயப் போட்டிருக்காங்களாம்."

ஒன்றும் நடக்கவில்லை. தப்புச் செய்துவிட்டோம் என்று அவள் நினைத்தாள். பிறகு போர்வைக்கு அடியில் அவர் வயிறு குலுங்குவது தெரிந்தது. முகம் சலனமில்லாமல் கிடக்க, வயிறு மட்டும் குலுங்கியது. மறுபடி உதடு அசைந்தது. அவள் காதைக் கொண்டுபோனாள்.

"உன் பக்கம் சேர்ந்துடுச்சு... மெஷினு. துணிக்கு."

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவர் கண்ணோரத்தைத் துடைத்தாள். அது எதனால் வந்த நீர் என்று அவள் கேட்டாள். அவர் சொல்ல முயன்றார், காற்றுதான் வந்தது.

அடுத்த மழை தொடங்குமுன் அவர் போய்விட்டார். மகளும் மாப்பிள்ளையும் தங்களோடு வந்துவிடச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினார்கள். "பார்ப்போம், கைவேலை நிறையக் கிடக்கு" என்றாள் தையல்காரி. தைக்கிற மெஷினை முன்னறைக்குத் திருப்பி எடுத்துப் போகவில்லை. துணி கொடுக்க வருகிறவர்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வருகிறார்கள். காலையில் விசிறியைப் போடுமுன், தைத்து வைத்த துணிகள்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிக்கொள்கிறாள். பிறர் துணியில் தூள் விழக்கூடாது. தன் தலையில் விழுவதை மட்டும் அவள் தட்டிவிடுவதில்லை.